குடிலுக்குள் சகுராஜிமா

பெத்லகேமில் எரிமலை கிடையாது என்பது எனக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் போனால் யாராவது ஒருவர், "என்னாம்மா, இந்த வருஷம் எந்த மலைய வெடிக்க வுடப்போற?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்கிறார். சிரிக்கட்டும். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு நான் கட்டிய குடிலைப் போல ஒன்றை அந்த ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில். அப்போது நான் அரியலூரில் ஜியாலஜி கடைசி வருஷம். அதைப் படிக்க அரியலூரைவிடத் தோதான ஊர் கிடையாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இறங்கினால் காலடியில் ஒரு பழைய கடல் கிடக்கும். டைனோசர் காலத்துக் கடல். கல்லைத் தட்டினால் சிப்பி, இன்னொன்றைத் தட்டினால் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறை. எங்கள் பூமியில் எல்லாமே படிந்தது. சேறு படிந்தது, சிப்பி படிந்தது, மணல் படிந்தது. ஒன்றாவது வெடித்ததா? இல்லை. என் குணத்துக்கு இந்தப் பூமி சரிப்படாது என்று அம்மாவே சொல்வாள்.

வெடிக்கிற பூமி என் அக்காவுக்குத்தான் வாய்த்தது. அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து சிஸ்டர் ஆனவள். மடத்தார் அவளை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். தெற்குக் கோடியில் ககோஷிமா விரிகுடா. அதன் நடுவே சகுராஜிமா என்கிற எரிமலை. அதன் அடிவாரத்திலேயே பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சின்ன இல்லம். அங்கேதான் அக்கா இருந்தாள். எனக்கு வந்த பொறாமையை எழுதி மாளாது. பாடப்புத்தகத்தில் நான் தாளில் பார்க்கிற மலையை அவள் பல் விளக்கும்போது பார்க்கிறாள்!

மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு, பூசை முடிந்ததும் கடைவீதி டெலிபோன் பூத்துக்கு அக்கா கூப்பிடுவாள். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடித்ததும் நான் ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வேன்.

"அக்கா, இன்னிக்கி வெடிச்சுதா?"

"காலையில ஒரு தடவ. சன்னல் எல்லாம் கடகடன்னு ஆடுச்சு. புள்ளைங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"பொக எந்தப் பக்கம் போச்சு? கறுப்பா, வெள்ளையா?"

"அடியே, ஒனக்கு அக்கா எப்படி இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கத் தோணுதா?"

அவள் சொன்னதெல்லாம் எனக்கு அமுதம். கோடைக்காற்று அடித்தால் சாம்பல் கடலைத் தாண்டி எதிர்க்கரை நகரத்துக்குப் போகும். குளிர்காலத்தில் காற்று திரும்பிவிடும். மழைக்குப் பிடிப்பது போலச் சாம்பலுக்கும் ஜனங்கள் குடை பிடிப்பார்கள். வாசலில் கூட்டிய சாம்பலைப் பையில் கட்டி வைத்தால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பிள்ளைகள் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். வழியில் கல் விழுந்தால் ஒதுங்குவதற்குச் சாலையோரத்தில் கான்கிரீட் கூண்டுகள் உண்டு. சாம்பல் விஷயத்தில் மட்டும் அம்மா அசரவில்லை. "ரெட்டிபாளையத்துல சிமெண்டுத் தூசி வுழாத எலையக் காட்டு பாப்போம்" என்பாள். ஒருமுறை அக்கா அனுப்பிய போட்டோவில் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு முள்ளங்கி இருந்தது. அந்த மலைச் சாம்பல் மண்ணில்தான் உலகத்திலேயே பெரிய முள்ளங்கி விளைகிறதாம். கொல்லையில் முள்ளங்கி போடுகிற அம்மா அந்தப் போட்டோவை அக்கம்பக்கமெல்லாம் காட்டிவிட்டு வந்தாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் பத்திரிகைக்காரன் யாரோ ஜப்பான் எரிமலை ஒன்றின் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தொலைத்தான். அது சகுராஜிமாகூடக் கிடையாது. நான் எவ்வளவு சொல்லியும் அம்மாவின் காதில் ஏறவில்லை. முதன்முறையாக அவள் முகம் சுண்டிப்போய்ப் பார்த்தேன். அப்பா இல்லாத வீடு. பெரியவள் மடத்துக்குப் போனதே அம்மாவுக்குப் பாதி மனசுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் திருச்சி மடத்திலிருந்து பெரிய சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். அக்காவின் தவணை அங்கே முடிகிறதாம். அங்கேயே தொடர்ந்து இருக்க ஆசைப்படுகிறாளாம். "ஆனா நீங்க தனியா இருக்கீங்க. ஒங்க மகள இங்க பக்கத்துல வேணும்னு நீங்க சொன்னா, நாங்க திருச்சிக்கே கூட்டிட்டு வந்துடுறோம். ஒங்க வார்த்ததாம்மா. புது வருஷத்துக்குள்ள சொல்லுங்க" என்றார்.

"இதுல யோசிக்க என்னா இருக்கு சிஸ்டர்? கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா, அவருக்கு வைத்த காப்பியில் ஆடை படிவதற்குள்.

"அவசரப்படாதீங்க. செபம் பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு பூத்தில் அக்கா அழுதாள். எனக்குத் தெரிந்து அவள் அழுது அதுதான் முதல் தடவை. "இதுங்க இப்பத்தான் என் மடியில தூங்கப் பழகியிருக்குதுங்க. அம்மாகிட்டப் பேசுடி. நீ சொன்னாக் கேக்கும்." நான் சொன்னால் அம்மா கேட்பாள் என்று நம்பிய ஒரே ஜீவன் அவள்தான். எனக்கும் அக்கா வீட்டுப் பக்கம் வரவேண்டும் என்ற ஆசை இல்லையா? இருந்தது, வயிறு முட்ட இருந்தது. ஆனாலும் அந்த அழுகையைக் கேட்ட பிறகு, அவள் அங்கேயே இருந்தாக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

வீட்டில் பேசிப் பார்த்தேன். பேச்சு சண்டையாகி, சண்டை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தது. "நீ படிச்ச படிப்ப ஒன்னோட வச்சுக்க. நெருப்பு மலைக்குக் கீழ எம்புள்ள படுத்திருக்கா" என்று முடித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. அம்மா பயப்படுவது அந்த மலையைத் தெரியாததால். தெரிந்தால் பயம் போய்விடும். காட்டிவிடுவது! எதில் காட்டுவது? எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்குத் தெரு குடில் போட்டி. பரிசு தருவது எங்கள் மாதா கோயில் பங்குச்சாமி. எங்கள் தெருக் குடிலை அந்த முறை கட்டுகிற பொறுப்பு என் தலையில். வேறென்ன வேண்டும்?

எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாகக் குடிலுக்கு மலை என்றால் மை தெளித்த காகிதத்தைக் கசக்கி ஒட்டுவார்கள். நான் மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, சாக்கைச் சேற்றில் முக்கிப் போர்த்தி, ஆள் உயரத்துக்கு ஒரு தீவையே எழுப்பினேன். வடக்குச் சிகரம், தெற்குச் சிகரம், சுற்றிலும் நீலத்தாள் கடல், கரையில் கேழ்வரகு முளைக்க வைத்த பச்சை. ஒரு பக்கத்தை மட்டும் கேக் வெட்டுவது போல வெட்டி உள்ளே அடுக்குகளைக் காட்டினேன். செங்கல் பொடி ஒரு அடுக்கு, அடுப்புச் சாம்பல் ஒரு அடுக்கு, மறுபடி செங்கல் பொடி. அடுக்கு எரிமலை என்றால் அதுதான். குழம்பு ஓடி உறைவது, மேலே சாம்பல் விழுவது, அதற்கு மேல் மறுபடி குழம்பு. எங்கள் வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தால் வருஷா வருஷம் அடித்த வெள்ளை அடுக்கடுக்காகத் தெரியுமே, அதே கதை.

சித்தப்பா சிமெண்ட் ஆலை லாரி ஓட்டுகிறவர். சூளையில் வெந்து வருகிற கறுப்பு உருண்டைகள், கிளிங்கர் என்பார்கள், அதில் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினார். "ஒங்க எரிமல கக்குன கல்லு. போதுமா?" அச்சு அசல் எரிமலைக் கல். நான் குதித்த குதியில் அவரே பயந்துபோனார்.

அம்மா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "பாலன் பொறக்குற எடத்துல நெருப்பா வைப்பாங்க? ஒனக்கு மூள கீள கொழம்பிப்போச்சா?" திட்டிக்கொண்டே போனவள், சற்று நேரத்தில் இரண்டு கூடை அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தொப்பென்று வைத்துவிட்டுப் போனாள்.

பங்குச்சாமியும் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பெத்லகேம்ல எரிமல ஏது?"

"ஏழை பாழை இருக்குற எல்லா எடத்துலயும் பாலன் பொறக்குறாருன்னு நீங்கதான சாமி பிரசங்கத்துல சொன்னீங்க? ஜப்பான்ல பொறக்க மாட்டாரா?"

சாமி மோவாயைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

வெடிப்பதற்கு என்ன செய்வது? அதற்கு எங்கள் ஊர் வழக்கமே கைகொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முன் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். சூளையில் சுட்ட கல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புகையும் ஆவியுமாகக் கொதிக்கும் பாருங்கள், அதைத்தான் மலைக்குள் வைத்தேன். தெற்குச் சிகரத்தின் வாயில் ஒரு எண்ணெய் டின், அதில் கல் சுண்ணாம்பு, மேலே சுவர்க்கரைக்கு அடிக்கிற காவிப்பொடி. தண்ணீர் ஊற்றினால் சிவப்புக் குழம்பு! ஒரு கைப்பிடி போட்டுச் சோதித்தபோது அழகாக ஆவி எழும்பி, கடைவாயில் எச்சில் வழிவது போலக் கொஞ்சம் வழிந்து நின்றது. இவ்வளவுதான் எரிமலை, இதற்கா பயந்தாய் என்று அம்மாவிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் சாமியும் ஊரும் ஒவ்வொரு தெருவாகப் பார்த்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். தீவின் அடிவாரத்தில் தொழுவம், அதில் மாதா, சூசையப்பர், நடுவில் வைக்கோல் மேல் பாலன் சுரூபம். நான் மைக்கைப் பிடித்தேன். பிடித்தால் விடுவேனா?

"அன்பார்ந்த பெரியோர்களே! இது வெறும் மலையல்ல! முப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஒரு மாபெரும் வெடிப்பு. பூமியே உள்ளே இறங்கிப் பள்ளமாகி, பள்ளத்தில் கடல் புகுந்துகொண்டது. இந்த விரிகுடாவே அந்தப் பள்ளம்தான்! பள்ளத்தின் விளிம்பில் முளைத்த குட்டிதான் சகுராஜிமா. முதலில் வடக்குச் சிகரம் வளர்ந்தது, அது ஓய்ந்ததும் தெற்குச் சிகரம் கிளம்பியது. ஆயிரத்து நானூற்று எழுபதுகளில் வருஷக்கணக்கில் கக்கியது. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்பதில் கடலுக்கு அடியிலேயே வெடித்துப் புதுசு புதுசாகக் குட்டித் தீவுகள் எழும்பின!"

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். எனக்கு அது போதும்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு, சனவரி மாதம். நிலம் ஓயாமல் நடுங்குகிறது. கிணறு வற்றுகிறது. வெந்நீர் கொதித்துக் கிளம்புகிறது. சனங்கள் பயந்துபோய் வானிலை ஆபீசைக் கேட்டார்கள். மலை வெடிக்காது என்று பதில் வந்தது. பலபேர் அதை நம்பாமல் படகேறிப் போய்விட்டார்கள். நம்பி இருந்தவர்களில் சிலர் பனிக்காலக் கடலில் குதித்து நீந்த வேண்டியதாயிற்று, கரையேறாமலே போனார்கள். மலை இரண்டு பக்கமும் பிளந்துகொண்டது! கோயில் வாசல் வளைவு உச்சி மட்டும் தெரிகிற அளவுக்குச் சாம்பலில் புதைந்தது, இன்னும் அப்படியே நிற்கிறது. நெருப்புக் குழம்பு கடலைத் தூர்த்துக்கொண்டே போய் எதிர்க்கரையைத் தொட்டது. அதுவரைக்கும் தீவு, அன்றோடு தீவு இல்லை!"

"நம்ம அரியலூரு மாதிரியா?" என்று கத்தினார் ஒருவர். அந்த வருஷம்தான் எங்களைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கியிருந்தார்கள். மறுபடி சேர்த்துவிடப் போவதாக அப்போதே பேச்சு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். முன்வரிசையில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. பயத்தைப் போக்கப் போகிறேன் என்று கிளம்பியவள், கடலில் விழுந்து செத்தவர்கள் வரைக்கும் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. போகட்டும், வெடிப்பைப் பார்த்தால் தெளிந்துவிடுவாள் என்று சித்தப்பாவுக்குச் சைகை காட்டினேன்.

சித்தப்பா குடத்துத் தண்ணீரைச் சாய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல் சுண்ணாம்பு சில நேரம் அப்படித்தான், ஊறித்தான் பொங்கும். ஊர் பொறுக்குமா? "நமுத்துப்போன மலைடா!" என்று ஒரு குரல். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சக் குடத்தையும் கவிழ்த்தார். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஊரே பார்க்கிறதே, கஞ்சத்தனம் எதற்கு என்று அவர் டின் கழுத்து வரைக்கும் கல்லைத் திணித்து வைத்திருந்தார்.

உள்ளே ஏதோ முனகியது. பிறகு பாருங்கள்! புஸ்ஸென்று ஆவி தென்னை உயரத்துக்கு எழுந்தது. கிளிங்கர் உருண்டைகள் நாலாபக்கமும் தெறித்தன. சிவப்புக் குழம்பு கொதித்துப் பொங்கி, ஈரச் சாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தது. தெற்குச் சரிவு அப்படியே பிய்ந்து இறங்கியது. தொள்ளாயிரத்துப் பதினாலில் நடந்தது போலவே, எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம்! ஒரு கணம் எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அடுத்த கணம்தான் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இடையர்கள் போனார்கள், ஆட்டுக்குட்டிகள் போயின, ஒட்டகம் குப்புற விழுந்தது. குழம்பு நேரே தொழுவத்தைப் பார்த்து வந்தது.

எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள். சாமி பாய்ந்தார், சித்தப்பா குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார், நானும் மைக்கோடு பாய்ந்தேன். ஒரே ஒரு ஆள் முன்னால் போனது. அம்மா மூங்கில் தடுப்பைத் தாண்டி, கொதிக்கிற சேற்றுக்குள் கையைவிட்டு, பாலன் சுரூபத்தை வாரி எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏம்மா, சுரூபம்தானே? விட்டிருக்கலாமே!" என்றார் சாமி மூச்சு வாங்கிக்கொண்டு.

"கைப்புள்ளைய வுட்டுட்டு ஓட முடியுமா சாமி?" என்றாள் அம்மா.

பரிசு மேலத்தெருவுக்குப் போனது. அவர்கள் மலை காகிதத்தில்.

வீட்டில் அம்மாவின் உள்ளங்கையைக் கழுவிக் கழுவித் தேங்காயெண்ணெய் போட்டேன். கொப்புளம் கிளம்பியிருந்தது. என் எரிமலைத் திட்டம் மண்ணோடு மண்ணாகிவிட்டது, இனி அக்காவை ஊருக்கே கூட்டிவந்துவிடுவார்கள் என்று எனக்கு அழுகை முட்டியது. "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"அங்க எத்தன புள்ளைங்க?" என்றாள்.

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"எல்லாம் நடக்குமா?"

"பாதி கைக்குழந்தைங்கம்மா. அக்காதான் தூங்க வைக்குது."

பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கையில் கட்டச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத வாரம் அது ஒன்றுதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் மணி அடித்ததும் அம்மா கட்டுப் போட்ட கையாலேயே ரிசீவரை எடுத்தாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நான் ரிசீவரின் மறுபக்கத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

"பெரிய சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். நீ வர வேணாம், அங்கயே இரு" என்றாள். அந்தப் பக்கம் அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "இரு, நான் சொல்றதக் கேளு. கெணறு வத்துனாலோ தண்ணி சுட்டாலோ, எந்த ஆபீசுக்காரன் என்னா சொன்னாலும் நம்பாத, கெளம்பிடு." கண்ணைத் துடைக்க இன்னொரு கையைத் தூக்கினாள், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

"நடக்கத் தெரியாததுங்கள மொதல்ல தூக்கு."